சந்திருவும் சண்டிருவும்

வீட்டில் எனக்கு ஒரு செல்லப் பெயர் இருந்தது. அப்பா அதைச் "சந்திரு" என்பார், அம்மா "சண்டிரு" என்பார். பெயர் ஒன்றுதான், அம்மாவுக்குத்தான் நாக்குத் திரும்பவில்லை என்பது அப்பாவின் முடிவு. பிள்ளையைச் சண்டியாக்கிப் போடாதையும் என்று சாப்பாட்டு மேசையில் அம்மாவைச் சீண்டுவார். அம்மா சிரித்துவிட்டு அடுத்த முறையும் சண்டிரு என்றே கூப்பிடுவார். தேவாரத்தில் ஓர் எழுத்தும் பிசகாத அம்மாவுக்கு இந்த ஒரு பெயரில் மட்டும் ஏன் நாக்கு இடறுகிறது என்று அப்பாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அந்தப் பெயர் எனக்கு ஆபிரிக்காவில் கிடைத்தது. எழுபதுகளில் யாழ்ப்பாணத்து வாத்திமார் பலர் ஆபிரிக்காவுக்குப் படிப்பிக்கப் போனார்கள். கணக்கு வாத்தியாரான என் அப்பாவுக்கு வாய்த்தது உகண்டாவின் வடமேற்கு மூலையில் இருந்த அருவா என்ற ஊர். நான் பிறந்தது அங்கேதான். வீட்டில் அம்மாவுக்கு உதவியாக இருந்த ஆயா லுக்பரா மொழி பேசுகிறவர், எனக்கு அந்தப் பெயரை வைத்ததும் அவர்தான். நான் பிறந்த அன்று வானத்தில் நிலா எறித்ததாம். ஆயா நிலாவை ஒருமுறை பார்த்தாராம், என் முகத்தை ஒருமுறை பார்த்தாராம், பிறகு "சந்திரு" என்றாராம். அப்பா அந்த நேரம் பரீட்சை வேலையாக வேறு ஊரில் நின்றவர். ஆனாலும் கண்ணால் கண்டவர் போலத்தான் சொல்வார். தான் இல்லாத இடங்களைப் பற்றித்தான் அப்பா எப்போதும் நன்றாகக் கதை சொல்வார்.

எனக்கு அந்தக் கதை உயிர். ஆபிரிக்காவிலேயே ஒருத்தி என்னைப் பார்த்து நிலா என்று சொல்லியிருக்கிறாள் என்றால் சும்மாவா? நிலாவில் எனக்கு ஒரு பங்கு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் இந்தப் பெயரைச் சொல்லவில்லை. அங்கே சாத்திரம் பார்த்து வைத்த என் பெயரையே ஆளுக்கொரு விதமாகக் கடித்துத் துப்பினார்கள், இதையும் அவர்களிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது அருவாவில் சண்டை வந்து ஊரே எல்லை தாண்டி ஓடியது. நாங்களும் கையில் அகப்பட்டதோடு புறப்பட்டோம். சில காலம் யாழ்ப்பாணத்தில் இருந்தோம். அங்கேயும் நிலைமை சரியில்லாமற் போக, நியூசிலாந்தின் ஒக்லாந்துக்கு வந்து த்ரீ கிங்ஸ் என்ற பகுதியில் கடைகளுக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் குடியேறினோம். இன்று நகரத்தின் மேற்கே வெஸ்ட்கேட்டிலிருந்து தெற்கே தகனினி வரை எங்கே போனாலும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் காணலாம். அப்போது ஒக்லாந்துத் தமிழர் எல்லாரையும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருத்தினாலும் கதிரைகள் மிஞ்சும்.

அப்பாவுக்கு இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அம்மாவுக்கு இங்கிலிஷ் கிடைக்கவில்லை. டெயரி என்று இங்கே சொல்கிற மூலைக் கடையில் பாண் வாங்கும்போது "தாங்க் யூ" என்பார், பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால் மழையைக் கை காட்டிச் சிரிப்பார், அதோடு சரி. நான் அப்போதே இங்கிலிஷில் பதில் சொல்லத் தொடங்கியிருந்தேன். அப்பா பாடம் திருத்துவார், இல்லாவிட்டால் ஆராய்ச்சி செய்வார். அம்மா யாரோடு கதைத்தார் என்று இப்போது யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒருவருமே ஞாபகத்துக்கு வருகிறார்கள் இல்லை.

அப்பாவின் ஆராய்ச்சி என்னவென்றால், லுக்பரா மொழி தமிழிலிருந்து போனது என்பது. அருவாவில் அவர் மாணவர்களோடு இங்கிலிஷிலேயே காலம் தள்ளியவர், லுக்பராவில் அவருக்குத் தெரிந்தது இருபது முப்பது சொல்தான். ஆராய்ச்சிக்கு அது தாராளம் என்று நினைத்தார். லுக்பராவில் வீட்டுக்கு "அகு" என்று பெயர். தமிழில் அகம். தீர்ந்தது கதை. நலமா என்று கேட்டால் அங்கே "முகே" என்பார்கள், நலம் என்று பொருள். நலமாக இருக்கிறவனுக்கு அது முகத்தில் தெரியுந்தானே என்று கேட்பார் அப்பா. தண்ணீர், நெருப்பு, கை, கால் என்று பொருந்தி வராத சொற்களைக் கண்டும் காணாதவர் போலக் கடந்துவிடுவார். எல்லாவற்றுக்கும் உச்சியில் வைத்திருந்த அத்தாட்சி என்னுடைய பெயர். ஆபிரிக்கக் காட்டோரத்தில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் நிலாவைப் பார்த்துச் சந்திரு என்கிறாள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்பார். அம்மா அப்போதெல்லாம் அடுப்படியில் ஏதாவது வேலையாக இருப்பார்.

எனக்கு எட்டு வயதான வருஷம் தைப்பொங்கல் விழாவில் பேச அப்பாவைக் கேட்டார்கள். கேட்டவர் விழாவை நடத்திய மலேசியாக்காரர் ஒருவர். எங்கள் ஆட்கள் அழைத்தால் பத்து நிமிஷம் என்பார்கள், இவர் எவ்வளவு நேரமும் பேசுங்க சார் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அப்பா இரண்டு கிழமை கண்ணாடிக்கு முன்னால் பேசிப் பழகினார்.

விழாவுக்கு ஒரு சாட்சியையும் அப்பா பிடித்து வைத்திருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வருவார். உயரமானவர், சொக்ஸ் போட்டு அதற்கு மேல் செருப்புப் போடுகிறவர். நான் அருவாவில் பிறந்தேன் என்று ஒருநாள் சொன்னதும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார். அவர் அருவாவுக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பல வருஷம் நேர்ஸாக இருந்தவராம். நாங்கள் அங்கே போவதற்கு முன்னமே திரும்பி வந்துவிட்டவர். நான் இதை வீட்டில் சொன்னபோது அம்மா கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அப்பாவோ உடனேயே அந்த நேர்ஸுக்கு அழைப்பு அனுப்பினார்.

இங்கே தைப்பொங்கல் கொளுத்துகிற கோடையில் வரும். மண்டபத்துக்குள் அடுப்பு மூட்டக் கூடாது என்று காவலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், கார் நிறுத்துகிற இடத்தில் காஸ் அடுப்பை வைத்துப் பொங்கினார்கள். காற்று நெருப்பை அணைக்க அணைக்க, நான்கு ஆம்பிளைகள் வேட்டியை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். பால் ஒருவரும் பாராத நேரத்தில் பொங்கி வழிந்துவிட்டது. எந்தப் பக்கம் வழிந்தது என்பதில் யாழ்ப்பாணத்தாருக்கும் தமிழ்நாட்டாருக்கும் சிறு வாக்குவாதம் வந்து, சிரிப்பில் முடிந்தது.

அப்பா பேசினார். அகு வந்தது, முகே வந்தது. கடைசியில், பட்டுப்பாவாடையோடு முன் வரிசையில் இருந்த என்னை மேடைக்குக் கூப்பிட்டுத் தோளில் கை வைத்தபடி நிலாக் கதையைச் சொன்னார். எத்தனையோ தரம் கேட்ட கதை, ஆனாலும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. மண்டபம் கைதட்டியது. தமிழ் எங்கெங்கெல்லாம் போயிருக்கு பாத்தீங்களா என்று மலேசியாக்காரர் ஒலிவாங்கியைப் பிடுங்காத குறையாக வாங்கிச் சொன்னார். மேடையில் நின்று நான் அம்மாவைத் தேடினேன். அம்மா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த நேர்ஸுக்குத் தமிழ் விளங்கியிருக்காது. ஆனால் என் பெயரைக் கேட்டதும் அவர் என்னைப் பார்க்கவில்லை, திரும்பி அம்மாவைத்தான் பார்த்தார்.

பிறகு எல்லாரும் கடதாசித் தட்டுகளில் பொங்கலை வாங்கிக்கொண்டு வெளியே மர நிழலுக்குப் போனோம். நேர்ஸ் அம்மாவிடம் வந்து "மி ந்கோனி?" என்றார். எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம், அவ்வளவு எனக்கும் தெரியும். அம்மா "முகே" என்றார். அதோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. நேர்ஸ் இன்னொன்று கேட்டார். அதற்கு அம்மா சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. தட்டை மதிலில் வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் கதைத்தார். ஒரு சொல்லுக்கும் தடுமாறவில்லை. டெயரியில் இரண்டு சொல்லோடு நின்றுவிடுகிற என் அம்மா, ஒரு வெள்ளைக்காரியோடு, மூச்சு விடாமல், ஆபிரிக்க மொழியில் கதைத்துக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை சிரித்தார், ஒருமுறை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். வெயிலுக்குத் துடைக்கிறார் என்று நினைத்தேன்.

அவர்கள் கதையில் என் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. அதில்தான் எனக்கு ஒரு குறை. நேர்ஸும் சண்டிரு என்றே சொன்னார், அம்மாவைப் போலவே. இத்தனை வருஷம் அங்கே இருந்தவருக்கும் நாக்குத் திரும்பவில்லையா? எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய கையைத் தொட்டு, அது சண்டிரு இல்லை, சந்திரு, நிலா என்று பொருள் என்று இங்கிலிஷில் திருத்தினேன். அந்த நேரம் பார்த்து அப்பாவும் இரண்டு மூன்று நண்பர்களோடு சாட்சியைத் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

நேர்ஸ் என் உயரத்துக்குக் குனிந்தார். அது நிலா இல்லை என்று அன்பாகத்தான் சொன்னார். "சண்டி" என்றால் துன்பம். சண்டிரு என்றால் துன்பத்தில் பிறந்த பெண். அந்த ஊரில் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது பிள்ளையைப் பார்ப்பதில்லை, பெற்றவள் என்ன பாடுபட்டாள் என்று பார்த்து வைப்பார்கள் என்றார். பஞ்சத்தில் பிறந்த பையனுக்குப் பசி என்று பெயர், செத்த வீட்டில் பிறந்தவளுக்குச் சாவு என்று பெயர். அப்படி ஒரு பெயரைக் கேட்கிறவர் தாயைப் பார்த்து, உனக்கு என்ன துன்பம் வந்தது என்று கேட்கவேண்டும், கேட்காமல் விடுவது அழகில்லை. தானும் அதைத்தான் இப்போது என் அம்மாவிடம் கேட்டதாகச் சொன்னார். பிறகு என் கன்னத்தைத் தொட்டு, உன் அண்ணாவுக்காக வைத்த பெயர் அது என்றார்.

எனக்கு அண்ணா இருந்ததே அன்றுவரை எனக்குத் தெரியாது.

நேர்ஸைக் குறை சொல்ல முடியாது. அவர் வாழ்ந்த ஊரில் அது ஊரறியக் கூப்பிடுகிற பெயர், ஒளிக்கிற சங்கதியே அல்ல. ஒளிப்பது எங்கள் வழக்கம். அப்பாவின் முகம் ஒரு கணம் வெறுமையாகிப் போனது. பிறகு சிரித்து, மொழிகள் விசித்திரமானவைதான் என்று இங்கிலிஷில் எதையோ சொல்லி, நண்பர்களைப் பொங்கல் பக்கம் திருப்பிக்கொண்டு போனார். நான் அழத் தொடங்கினேன். எனக்கு அண்ணாவைப் பற்றி ஒரு துக்கமும் வரவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என்னுடைய நிலாவைப் பறித்துவிட்டார்களே என்றுதான் அழுதேன். அம்மா என்னை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

வீட்டுக்குக் காரில் திரும்பினோம். கண்ணாடிகளை இறக்கிவிட்டும் உள்ளே வெக்கை. வழியில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது அப்பா முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"உமக்கு அர்த்தம் முதலே தெரியுமோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"ஆயா வைச்ச அண்டைக்கே. என்ன பேர் வைப்பம் எண்டு என்னைக் கேட்டவ. நான் அழுதுகொண்டு கிடந்தன். பிறகு அவதான் வைச்சவ."

விளக்குப் பச்சையாகியும் அப்பா காரை எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

"பிறகேன் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னார்.

மிச்சத்தை நான் வளர்ந்த பிறகு துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். அண்ணாவுக்கு இரண்டு வயது. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது. அப்போது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். அருவாவிலேயே அண்ணாவைப் புதைத்தார்கள். அப்பா பயந்துபோனார் என்று இப்போது விளங்குகிறது. அம்மா அழுதழுது வயிற்றுப் பிள்ளைக்கும் ஏதாவது வந்துவிடும் என்று பயந்திருக்கிறார். அண்ணாவின் உடுப்புகளை எல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டார், இருந்த ஒரேயொரு படத்தையும் கண்ணில் படாமல் செய்துவிட்டார், இனி இதைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அம்மாவும் கதைக்கவில்லை. சொந்தபந்தம் ஒருவரும் இல்லாத அந்த ஊரில் அம்மாவோடு கூட இருந்து அழுதவர் ஆயா மட்டுந்தான். அவர் ஆறுதலுக்குச் சொன்ன சொற்களை விளங்கிக்கொள்ளவே அம்மா அந்த மொழியைப் படித்திருக்கிறார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா எதையாவது செய்து நிலைமையைச் சரிப்படுத்தப் பார்த்தார். அவர் சுபாவம் அப்படி. ஒரு கணக்குப் பிழைத்தால் உடனே அழித்துவிட்டு அடுத்த வழியில் செய்து பார்ப்பவர். உடுப்பு மாற்றாமலே வந்து கதிரையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். துன்பம் என்ற பெயர் இனி இந்த வீட்டில் வேண்டாம், லுக்பராவில் மகிழ்ச்சிக்கு ஒரு சொல் இருக்கிறது, அது தனக்கு நிச்சயமாகத் தெரியும், இன்றிலிருந்து பிள்ளைக்கு அதுதான் பெயர் என்றார். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். "அயிகோ."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஐயகோ என்று ஒரு பிள்ளையைக் கூப்பிடுவதா? அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அப்பாவும் சேர்ந்து சிரித்தார், நானும் சிரித்தேன். அம்மாவின் சிரிப்பு மட்டும் நிற்காமல் போய், இடையில் எப்போதோ வேறொன்றாகிவிட்டது. அப்பா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், பக்கத்தில் நின்றார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். துன்பத்தில் பிறந்தவள் என்ற பெயரை ஒரு பெரிய மண்டபத்துக்கே உரக்கச் சொல்லிவிட்டு வந்தவர், அந்தப் பெயர் கேட்கச் சொன்ன கேள்வியை மட்டும் அன்றைக்கும் கேட்கவில்லை. அவரையும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, செத்தது அவருக்கும் பிள்ளைதான்.

அப்பாவின் ஆராய்ச்சி அன்றோடு நின்றது. லுக்பரா என்ற பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை. நேர்ஸ் தன் வீட்டு விலாசத்தைக் கொடுத்து அம்மாவை வரச் சொல்லியிருந்தார். அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கொண்டுபோய் விடுகிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏதோ ஒரு வேலை வந்தது. குளிர் தொடங்குவதற்கு முன் நேர்ஸ் தென் தீவில் இருந்த தங்கையோடு இருக்கப் போய்விட்டார் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நான் வந்து அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா "அப்பிடியோ" என்றார். ஒக்லாந்தில் அம்மா வாய்விட்டுக் கதைக்கக் கூடிய ஒரே மனுஷி போய்விட்டார் என்பதைச் சொல்லிவிட்டு, நான் விளையாடப் போய்விட்டேன்.

பொங்கல் நாளுக்குத் திரும்பி வருகிறேன். அன்று பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு நான் வெளியே வேலியோரம் நின்றேன். அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதற்குக் குசினி வாசலுக்கு வந்தார். வாய் திறந்தார், "ச" என்ற சத்தம் வந்துவிட்டது. அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"பிள்ளை, சாப்பிட வா."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அம்மா இனி அந்தப் பெயரைச் சொல்லமாட்டார் என்று எனக்கு விளங்கிவிட்டது. துன்பம் என்ற பெயர் போய்விட்டால் துன்பமும் போனதுதானே என்று எட்டு வயது மூளைக்குத் தோன்றியதில் பிழையில்லை. துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். அன்றிலிருந்து சாகும்வரை அம்மாவுக்கு நான் பிள்ளைதான், மறந்தும் ஒருநாள் அந்தப் பெயர் அவர் வாயில் வரவில்லை.

அண்ணாவுக்கென்று அம்மாவிடம் ஒரு சட்டை இல்லை, ஒரு படம் இல்லை, போய் நின்று அழக் குழி கூட இந்தப் பக்கத்தில் இல்லை. ஒரு சொல் இருந்தது. சாப்பிட, குளிக்க, படுக்க என்று ஒவ்வொரு நாளும் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் அவர் கூப்பிட்டார். எப்போதும் ஓடி வந்து நின்றது நான் ஒருத்திதான். அம்மா கூப்பிட்டது இரண்டு பேரை என்று எனக்கு அப்போது தெரியாது.